சந்தனம் பூசிய மூடி

சிதம்பரம் லாரி ஸ்டாண்டில் சாமிக்கண்ணுவைப் போல வண்டியைப் பார்த்துக்கொண்டவன் கிடையாது. அவனைப் போல அடுத்தவனுக்குப் புத்தி சொன்னவனும் கிடையாது. "காலையில எழுந்து பொண்டாட்டி மொகத்தப் பாக்கறதுக்கு முன்ன ரேடியேட்டர் தண்ணியப் பாரு" என்பான். "ஆயில் குச்சிய மொதத் தரம் எடுத்தா பொய் சொல்லும். தொடச்சிட்டு மறுபடி வுட்டு எடு, அப்பத்தான் நெசத்தச் சொல்லும்" என்பான். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் போனால் வண்டி சூடாகும் என்பான். யாரும் கேட்க வேண்டியதில்லை. டீக் கிளாஸை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறவனைப் பிடித்துவைத்துச் சொல்லுவான்.

சொல்வதற்கு அவனுக்குத் தகுதி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுடைய பிக்கப், யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனது. மூன்று கை மாறி அவனிடம் வந்தபோது அதைப் பழைய இரும்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவன் அதைப் பத்து வருஷமாக ஓட்டினான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அது நின்று யாரும் பார்த்ததில்லை. ஏதாவது வண்டி மக்கர் செய்தால் ஸ்டாண்டில் எல்லாரும் மனசுக்குள் திட்டிக்கொண்டே அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் ஸ்டியரிங்கிலும் முன்கண்ணாடியிலும் பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போனார்கள். சாமிக்கண்ணு அப்படிச் சிக்கனம் பிடிக்கிறவன் இல்லை. வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தானே சந்தனம் அரைத்தான். விளக்கு, ஹாரன், சக்கரம், கியர் தடி, ஹேண்டில், ஜாக்கி, ஸ்பானர் என்று ஒன்று விடாமல் பூசினான். பெட்ரோல் டாங்கியின் மூடி வண்டி சாப்பிடுகிற வாய் என்பதால் அதற்கு மட்டும் அடைபோலக் கனமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். வெயிலில் அது காய்ந்து ஓடு போல இறுகியது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் கடலூரிலிருந்து வரும்போது வண்டி ஆலப்பாக்கத்தில் நின்றது. இருமியது, திணறியது, அடங்கிவிட்டது. இறங்கி எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினான். கிளம்பியது. புதுச்சத்திரத்தில் மறுபடியும் நின்றது. மறுநாள் அதைக் கடலூர் ஓல்டு டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கலியமூர்த்தி மேஸ்திரியிடம் விட்டான். மேஸ்திரி டாங்கியைத் திறந்து பார்த்தார், பம்ப்பைப் பிரித்துப் பார்த்தார், ஊரை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. "வண்டிக்கு ஒண்ணுமில்ல சாமிக்கண்ணு. ஒனக்குத்தான் ஒடம்பு சரியில்லபோல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் அதே ஆலப்பாக்கத்தில், அதே புளிய மரத்தடியில் அது நின்றது.

கண் பட்டுவிட்டது என்று சாமிக்கண்ணு முடிவு கட்டினான். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் ஏற்றி, இருந்த சந்தனத்தின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசினான். வழியில் பெட்ரோல் குறையக் கூடாது என்று டாங்கியை வாய்வரைக்கும் நிரப்பினான். இத்தனையும் செய்தபிறகு வண்டி முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது. இதை ஸ்டாண்டில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவன் தன் வீட்டுக் காய்ச்சலை வெளியே சொல்லுவானா.

இந்த நிலைமையில்தான், வண்டி நிற்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள், லால்பேட்டைச் சவாரி வந்தது. வந்தது என்றால் அன்று வந்ததில்லை, ஒரு மாதத்துக்கு முன்பே பேசி வைத்தது. லியாக்கத் அலி சாமிக்கண்ணுவுக்குச் சின்ன வயசுச் சிநேகிதன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள், ஒருவரையொருவர் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். லியாக்கத்தின் அண்ணன் ஹபிபுல்லா கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். ஆறு வருஷமாகக் கடிதம்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது மனைவி மலிகாவுக்கு அங்கே நுழைய அனுமதிக் கடுதாசி வாங்கி அனுப்பியிருந்தார். அது அந்த மாதக் கடைசியோடு காலாவதி. அதற்குள் போய்ச் சேரக்கூடிய கப்பல் ஒன்றே ஒன்றுதான், அது நாளை நாகப்பட்டினத்தில் கிளம்புகிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்று இரண்டு மணி ரயிலைச் சிதம்பரத்தில் பிடித்தாக வேண்டும். தவறினால் அடுத்த அனுமதி எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. மலாயாவில் சட்டம் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸ நம்பாத மச்சான். பதினேழு மைலு. என் வண்டி நடுவுல நின்னா இந்த மீசைய எடுத்துடறேன்" என்று சாமிக்கண்ணு ஒரு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தான். அப்போது வண்டி நிற்காத வண்டி. இப்போது வார்த்தையைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை.

பத்து மணிக்கு லால்பேட்டையில் சாமான் ஏற்றினார்கள். பின்தட்டில் பாய் விரித்து, சுற்றிலும் புடவை கட்டி மறைத்து, டிரைவர் அறையை ஒட்டிய மூலையில் மலிகாவும் மாமியார் ஆசியா உம்மாளும் உட்கார்ந்தார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் மலிகா எப்படி இருப்பாள் என்று சாமிக்கண்ணுவுக்குத் தெரியாது. குரலைக்கூட அவன் கேட்டதில்லை. அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஆறு வருஷமும் வீட்டுக்குள்ளேயே இருந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சீமெண்ணெய் அளந்து விற்றுக் குடும்பத்துக்கு ஒத்தாசையாக இருந்தவள் என்பதுதான். லியாக்கத் முன்னால் ஏறிக்கொண்டான். ஆசியா உம்மாள் பிஸ்மில்லா சொன்னாள், சாமிக்கண்ணு தில்லை நடராஜனை நினைத்துக்கொண்டான். இரண்டு பேர் துணையோடும் வண்டி கிளம்பியது.

காட்டுமன்னார்கோயில் தாண்டி நாலு மைல் ஒழுங்காகப் போயிற்று. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயல் பச்சை கட்டியிருந்தது. சாமிக்கண்ணு அதையெல்லாம் பார்க்கவில்லை, காதை எஞ்சினில் வைத்திருந்தான். குமராட்சிக்கு முன்னால் அது இருமிற்று. இன்னொரு இருமல், ஒரு திணறல், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் முதலில் பெட்ரோல் இருக்கிறதா பார் என்பது அவனே ஊருக்குச் சொல்லுகிற முதல் பாடம். இறங்கி, டாங்கி மூடியைத் திருகித் திறந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். நிறைய இருந்தது. பம்ப்பில் குழாயைக் கழற்றினான், பெட்ரோல் தாராளமாக வந்தது. பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினான். பாயிண்ட்டைத் தேய்த்தான். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆற வைத்தான். கடைசியில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, ஹேண்டிலை எஞ்சின் முன்னால் செருகிச் சுழற்றினான். ஒன்றுமே நடக்காததுபோல வண்டி உறுமியது. முக்கால் மணி நேரம் போயிருந்தது.

குமராட்சி தாண்டி மூன்றாவது மைலில் மறுபடியும் நின்றது.

"மாமா, ரெண்டு தரம் நின்னுடுச்சு. மீசையில ரெண்டு பக்கமும் போச்சு" என்று லியாக்கத் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாமிக்கண்ணு மூடியைத் திறந்தான், குச்சியை விட்டான், பிளக்கைக் கழற்றினான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான்.

புடவைக்குள்ளே மலிகா மாமியாரின் காதருகே குனிந்தாள். "மாமி, அந்த அண்ணன் டாங்கி மூடியத் தொறக்கறப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குது. மொதத் தரமும் கேட்டுச்சு. அதச் சொல்லுங்களேன்."

"ஆம்பளைங்க வேலயில நாம என்னத்தச் சொல்றது. சும்மா இரு புள்ள" என்றாள் ஆசியா உம்மாள். அவள் கை தஸ்பீஹ் மணியை வேகமாக உருட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பக்கத்து வயலில் களை பறித்தவர்கள் நாலு பேர் வரப்பில் ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள், ஒருவன் தள்ளிவிடட்டுமா என்று கேட்டான். சாமிக்கண்ணு அவன்மேல் எரிந்து விழுந்தான். பாவம், அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்.

மூன்றாவது தரம் நின்ற இடத்திலிருந்து கோபுரம் தெரிந்தது. சிதம்பரத்துக்கு மூன்று மைல், மணி ஒன்று முப்பத்தைந்து. வழக்கப்படி கழற்றி மாட்டினால் ரயில் போய்விடும். நடந்து போகவும் முடியாது, தலையில் பெட்டியோடு ஓடவும் முடியாது. ரோட்டில் வண்டியோ பஸ்ஸோ ஒன்றையும் காணோம். சாமிக்கண்ணு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று. ஒரு பெண்ணின் ஆறு வருஷத்தைத் தன் ஜம்பத்தால் ரோட்டில் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தான். "என்னை மன்னிச்சுடு மச்சான்" என்றான். லியாக்கத் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

பின்னாலிருந்து ஆசியா உம்மாளின் குரல் வந்தது. "லியாக்கத்து, டாங்கி மூடியில என்னமோ சத்தம் வருதுன்னு ஒங்கண்ணி சொல்லுது. அந்தத் தம்பிகிட்ட சொல்லு."

"பெட்ரோல் இருக்குதும்மா. மூடியில என்ன இருக்கப்போவுது" என்றான் சாமிக்கண்ணு அலுப்போடு.

அப்போது புடவை சற்று விலகியது. மலிகாவே பேசினாள். மெதுவான குரல், ஆனால் தடுமாற்றமே இல்லை.

"அண்ணே, சீமெண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா எண்ணெ எப்புடி வரும்?"

சாமிக்கண்ணு திரும்பினான். "நின்னு நின்னு வரும். கொடக் கொடக்குன்னு. அப்பறம் வராது."

"எதிர்ப்பக்கம் ஆணியால இன்னொரு ஓட்ட போட்டா?"

"நூலு புடிச்ச மாதிரி வரும்." சொல்லும்போதே அவனுக்கு எங்கோ உறைத்தது.

"ஒங்க டாங்கியிலயும் எண்ணெ போறதுக்கு வழி இருக்குது. காத்து வர்றதுக்கு வழி இருக்குதா? நீங்க மூடியத் தொறக்கறப்பல்லாம் உள்ளாற மூச்ச இழுக்கற சத்தம் கேக்குதுண்ணே. நான் இந்த மூலையில டாங்கி வாய் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். அப்பவே வண்டி சரியாயிடுது. நீங்கதான் அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் வேல செய்யறீங்க. இப்ப மூடிய மட்டும் தொறங்க. வேற எதயும் தொடாதீங்க."

சாமிக்கண்ணு இறங்கினான். மூடியில் கை வைத்துத் திருகினான். அத்தனை தடவை திறந்திருக்கிறான், ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கினானா? பெட்ரோல் இருக்கிறதா என்ற கவலையில் கண்தான் வேலை செய்தது. இப்போது கேட்டான். வெகுநேரம் தண்ணீருக்குள் முங்கியிருந்தவன் தலை தூக்கி மூச்சு வாங்குவதுபோல நீளமாக, ஆவலாக டாங்கி காற்றை இழுத்தது.

ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். பிளக்கைத் தொடவில்லை, பாயிண்ட்டைத் தொடவில்லை, கற்பூரம் கொளுத்தவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

லியாக்கத் கத்தாத குறை. சாமிக்கண்ணுவோ கையில் ஹேண்டிலோடு வண்டியைப் பார்த்தபடி நின்றான். எல்லாம் ஒரே சமயத்தில் அவனுக்கு விளங்கியது. ஆலப்பாக்கத்தில், புதுச்சத்திரத்தில், மேஸ்திரியின் கொட்டகையில், இன்று காலை இரண்டு தரம், அத்தனை தடவையும் மூடியைத் திறந்த அந்த நொடியிலேயே வண்டி குணமாகியிருக்கிறது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வெறும் கைவேலை. பிளக்கைத் துடைத்தால் பிளக்குக்குப் பெருமை கொடுத்தான், கற்பூரம் கொளுத்தினால் கற்பூரத்துக்குக் கொடுத்தான். டாங்கியை நிரப்ப நிரப்ப உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து வண்டி இன்னும் சீக்கிரம் மூச்சுத் திணறியிருக்கிறது. இவ்வளவையும் ஒரு பெண் புடவை மறைப்புக்குள் உட்கார்ந்து, ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல், காதால் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"மூடியில ஒரு பொடி ஓட்ட இருக்கணுமே அண்ணே. இல்லாம செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள் மலிகா.

அவன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். மேலே இரண்டு பூச்சுச் சந்தனமும் காய்ந்த குங்குமமும்தான் இருந்தன. ஓட்டை எங்கே இருந்தது என்று பத்து வருஷம் பார்த்தவனுக்கே தெரியவில்லை. சுரண்ட நகத்தை வைத்தான், உடனே எடுத்துவிட்டான். பூஜையில் வைத்த சந்தனம்.

ஆசியா உம்மாளுக்கு அது புரிந்தது. "தம்பி, நீ ஆசையா வெச்சதுதான். ஒஞ்சாமி கோச்சுக்காது. எடு" என்றாள்.

புடவை இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது. துப்பட்டியில் குத்தியிருந்த ஊக்கு அதில் இருந்தது. சாமிக்கண்ணு வாங்கிக்கொண்டான். அதால் பெயர்த்த சந்தனச் சில்லைக் காலில் படாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நடுமூடியில் ஊக்கின் முனையால் குத்தினான். உள்ளே சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடுகு நுழையாத ஒரு துவாரம். உதட்டில் வைத்து ஊதினான், காற்று அந்தப் பக்கம் போய் அவன் உள்ளங்கையில் பட்டது. நாலு பேரை, நாலு பெட்டியை, மிலிட்டரி எஞ்சினை, ஒரு கப்பல் பிரயாணத்தை இவ்வளவு பொடி ஓட்டை ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறதே என்று அவனுக்குப் பயமும் பக்தியுமாக இருந்தது.

"ஏறு மாமா, ஏறு" என்றான் லியாக்கத்.

அந்த மூன்று மைலையும் வண்டி ஒரு தரம்கூட இருமாமல் ஓடியது. ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. பெட்டிகளை ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள். மலிகாவைக் கொண்டுபோய்க் கப்பலேற்ற லியாக்கத்தும் கூடவே ஏறினான். ஆசியா உம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, கார்டு விசில் ஊதியபிறகுதான் விட்டாள். சாமிக்கண்ணு ஊக்கைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே. அடுத்த பூசைக்கு ஒதவும்" என்றது துப்பட்டிக்குள்ளிருந்து குரல். அதில் சிரிப்பு இருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ரயில் நகர்ந்துவிட்டது.

ஆசியா உம்மாளை ஊரில் விட அவன் லால்பேட்டைக்குத் திரும்ப ஓட்டினான். வெயில் தாழ்ந்திருந்தது. கோபுரம் தெரிந்த இடம் போயிற்று, இரண்டாவது தரம் நின்ற இடம் போயிற்று. வண்டி ஒரே சீராக, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஓடியது. முதலில் நின்ற இடம் வந்ததும் சாமிக்கண்ணு பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தான்.

"ஏம்ப்பா, மறுபடி நின்னுடுச்சா?" பின்னாலிருந்து கிழவி பதறினாள்.

"இல்லம்மா. நாந்தான் நிறுத்தனேன்."

இறங்கிப் போய் டாங்கி அருகே குனிந்து, காதைக் கிட்டே வைத்து, மெதுவாக மூடியைத் திருகினான். எந்தச் சத்தமும் இல்லை. தனக்கு வேண்டிய காற்றை அது தானே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மீசையை நாளைக் காலையில் எடுத்துவிடுவது, ஸ்டாண்டில் காரணம் கேட்கிறவனுக்கெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டான்.

"ஆறு வருஷம் எங்கூடவே இருந்த புள்ள" என்றாள் ஆசியா உம்மாள் புடவைக்குள்ளிருந்து. அவள் அவனிடம்தான் பேசினாளா என்று தெரியவில்லை. "இதுதான் வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல. இன்னிக்கு ரெண்டாந்தரம் நின்னப்பவே வெவரத்த எங்கிட்ட சொல்லுச்சு. நாந்தான் சும்மா இருன்னுட்டேன்."

சாமிக்கண்ணு மூடியைத் துடைத்து மூடினான். ஊக்கைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டான்.

"எனக்கும் இந்த மூடி பன்னண்டு நாளா சொல்லிச்சும்மா. நானும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் போனான்.